"அம்மா" என்று அடித்தால் "எம்.கே." வந்தது! கம்ப்யூட்டரில் தமிழ் பட்ட பாடு

பொத்தேரி,

காலை எட்டரை மணிக்கு பொத்தேரி ரெயில் நிலையத்தில் நின்று பாருங்கள். தாம்பரத்தில் இருந்து வரும் மின்சார ரெயில் நின்றதும் பெட்டிக்குப் பெட்டி இளைஞர் கூட்டம் குதித்து இறங்கும். தோளில் பை. பைக்குள் லேப்-டாப். கழுத்தில் அடையாள அட்டை.

ஒரு பக்கம் எஸ்.ஆர்.எம். 1985-ல் என்ஜினீயரிங் கல்லூரியாகத் தொடங்கியது, இன்று பல்கலைக்கழகம். ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரி பக்கம் கொஞ்சம் போனால் எஸ்டான்சியா வளாகம். அங்கே "ஜோஹோ" கம்பெனி. "அரட்டை", "உலா" என்று தமிழில் பெயர் வைத்து உலகத்துக்கு சாப்ட்வேர் அனுப்புகிற கம்பெனி.

இறங்குகிற கூட்டத்தில் எத்தனையோ பேருக்கு "வெப் டிசைன்" படிப்பு, அல்லது அதுவே பிழைப்பு. அது என்ன வேலை? கடைக்குப் போர்டு எழுதுகிற மாதிரிதான். ரோட்டில் எழுதாமல் கம்ப்யூட்டர் திரையில் எழுதுகிறார்கள். எந்த எழுத்து, எந்த நிறம், எதை அமுக்கினால் எது திறக்கும்? இதெல்லாம் அவர்கள் பொறுப்பு.

இந்தப் போர்டில் தமிழை எழுதவே முடியாத காலம் ஒன்று இருந்தது. ரொம்ப நாள் ஆகிவிடவில்லை, ஐயா! இன்று இறங்குகிற பையன்களின் அண்ணன்மார் பள்ளிக்கூடம் போன காலம்தான்.

பீரோவில் ஒரு சி.டி.

உங்கள் வீட்டு பீரோவில் பழைய சி.டி. ஏதாவது கிடக்கிறதா? 2003, 2004-ல் டி.டி.பி. சென்டரில் அடித்த மனை ஒப்பந்தம், சங்கத் தீர்மானம், தங்கை கல்யாணப் பத்திரிகை... அதை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய் திறக்கச் சொல்லுங்கள்.

"அம்மா" என்று இருந்த இடத்தில் என்ன தெரியும் தெரியுமா? இங்கிலீஷ் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச்! (இதில் அரசியல் எதுவும் இல்லை. எழுத்துரு செய்த குறும்பு.)

கடைக்காரர் பதறமாட்டார். "இது பாமினி சார். பாண்ட் போட்டாத்தான் தமிழ் வரும்" என்பார்.

ஒப்பந்தத்தில் எல்லை அளவு இருக்கும். சாட்சி பெயர் இருக்கும். எல்லாம் அந்த எம், கே-க்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். பாண்ட் பெயர் தெரியாவிட்டால் அது வெறும் கிறுக்கல்.

பழைய எண், புதிய எண்

ஏன் இப்படி? கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கதவு எண் போட்டு வைத்திருப்பார்கள். அந்த எண்ணைச் சொன்னால் அந்த எழுத்து வெளியே வரும்.

அந்தக் காலத்துக் கணக்கில் மொத்தம் 256 கதவு. முதல் 128 கதவுகளை இங்கிலீஷ் எழுத்து, எண், புள்ளி, கமா எல்லாம் ஏற்கனவே பிடித்துவிட்டன. நமக்கோ 247 எழுத்து. எங்கே குடிவைப்பது?

எனவே ஒவ்வொருவரும் தமிழ் எழுத்தைக் கொம்பு தனி, கால் தனி, கொக்கி தனி என்று பிரித்து, இஷ்டப்பட்ட கதவில் ஏற்றினார்கள். பாமினி என்ற எழுத்துருவில் இங்கிலீஷ் "எம்" இருந்த வீட்டில் "அ" குடியேறியது. இன்னொரு எழுத்துருவில் அதே வீட்டில் வேறு எழுத்து.

சென்னைவாசிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். கதவில் "பழைய எண்", "புதிய எண்" என்று இரண்டு இருந்தாலே தபால்காரர் தலை சுற்றுகிறார். இங்கே தெருவுக்கு இருபது எண்!

பத்திரிகைகளும் தப்பவில்லை. ஒவ்வொரு பத்திரிகையின் இணைய தளத்துக்கும் ஒரு பாண்ட். முதலில் அதை இறக்கி கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு, பிறகுதான் செய்தி படிக்க வேண்டும். ஒரு தளத்தில் உள்ள வரியை நகல் எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் மறுபடி கிறுக்கல்.

சிங்கப்பூரில் பிள்ளையார் சுழி

இணையத்தில் தமிழுக்குப் பிள்ளையார் சுழி போட்டது மதுரையும் அல்ல, சென்னையும் அல்ல. சிங்கப்பூர்!

1995 அக்டோபரில் சிங்கப்பூர் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றினார்கள். அன்றைய ஜனாதிபதி ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழும் ஒன்று. தமிழ்ப் பகுதிக்குப் பாடுபட்டவர் நா.கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர்களுக்குப் பாடம் சொன்னவர். "இன்டர்நெட்"டுக்கு "இணையம்" என்று பெயர் சூட்டியவரும் அவர்தான் என்று சொல்வார்கள்.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே "முரசு" என்ற தமிழ் சாப்ட்வேரைத் தொடங்கியிருந்தார். பொத்தேரியில் என்ஜினீயரிங் கல்லூரி திறந்த அதே வருடம்!

சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் கல்யாணசுந்தரம் என்ற ரசாயன விஞ்ஞானி. ஆராய்ச்சி போக மிச்ச நேரத்தில் "மயிலை" என்று ஒரு எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று "மதுரைத் திட்டம்" தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைப் பல நாட்டுத் தமிழர்கள் வீட்டில் இருந்தபடி தட்டச்சு செய்து, காசு வாங்காமல் இணையத்தில் ஏற்றிய திட்டம் அது.

எல்லாம் நல்ல காரியம். ஆனால் ஆளுக்கொரு எண்!

கூப்பிட்டுப் பேசினார்கள்

1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடினார்கள். பேசினார்கள். முடிவு வரவில்லை.

1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் "தமிழ் இணையம் 99" மாநாடு. முன்னின்று நடத்தியவர் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு.ஆனந்தகிருஷ்ணன். (2021-ல் கொரோனாவில் காலமானார்.) முதல்-அமைச்சராக இருந்தவர் கருணாநிதி. வெளிநாட்டில் இருந்தெல்லாம் எழுத்துரு செய்தவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் கணக்கு. தன் கணக்கு போனால் தன் சரக்கு போச்சு என்ற கவலை சிலருக்கு. நியாயமான கவலைதான். கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

கீ-போர்டு விஷயத்தில் வெற்றி. "தமிழ் 99" என்று ஒரே விசைப்பலகை முடிவானது. இடது கைக்கு உயிர் எழுத்து, வலது கைக்கு மெய் எழுத்து. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. 31 எழுத்து தெரிந்தால் போதும்.

தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்த கிளார்க்குகள் கவனிக்க: டைப்ரைட்டரில் "கொ" அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தமிழ் 99-ல் க, ஒ. அவ்வளவுதான். "அம்மா"வுக்கு அ, ம, ம, ஆ. முதல் "ம"வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்! தமிழ் இலக்கணம் தெரிந்த மெஷின்.

எண் விஷயத்தில்தான் சறுக்கல். ஒன்று கேட்டுக் கூடியவர்கள் இரண்டோடு எழுந்தார்கள். தமிழ் மட்டும் எழுத "டாம்". தமிழும் இங்கிலீஷும் கலந்து எழுத "டாப்". தமிழக அரசும் இரண்டையும் ஏற்றது. வெளிநாட்டுத் தமிழர் பலர் "திஸ்கி" என்ற மூன்றாவது ஒன்றை விடவில்லை. பஞ்சாயத்து பேசப் போய் பங்காளி கூடிய கதை!

ஆனாலும் மாநாடு வீண் என்று சொல்ல முடியாது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் அந்த முயற்சிகளின் கிளைதான். 2001-ல் தொடங்கியது, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் இயங்குகிறது. 2000-ல் சிங்கப்பூர் மாநாட்டில் "உத்தமம்" என்ற அமைப்பும் பிறந்தது. ஊர் ஊராக மாநாடு நடத்தும் பழக்கம் நின்றுவிடவில்லை.

சொந்தப் பிள்ளையை விட்டுக்கொடுத்தார்கள்

நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது இன்னொரு காரியம் நடந்தது. உலகத்து மொழிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கதவு எண் கொடுக்கும் "யூனிகோட்" 1991-லேயே வெளிவந்துவிட்டது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தனித் தெரு. 2000-ம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000, "லதா" என்ற எழுத்துருவோடு அதை ஏற்றுக்கொண்டு வந்தது.

அதன் பிறகு ஒவ்வொருவராக மாறினார்கள். மதுரைத் திட்டத்தில் "மயிலை"யில் அடித்த நூல்கள் திஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் மாற்றப்பட்டன. தான் பெற்ற எழுத்துருவைத் தானே ஒதுக்கி வைக்க ஒரு மனசு வேண்டும். தமிழக அரசும் தன் மாநாட்டில் பிறந்த "டாம்", "டாப்" இரண்டையும் கைவிட்டு, 2010 ஜூன் 23-ந் தேதி, கோவை செம்மொழி மாநாடு தொடங்கிய அன்று, யூனிகோடை ஏற்று உத்தரவு போட்டது. அச்சு வேலைக்கு "டேஸ்-16" என்பதையும் கூடவே வைத்துக்கொண்டது. இணையத்தில் ஜெயித்தது யூனிகோட்தான்.

குறை இல்லாமல் இல்லை. யூனிகோடில் "மா" ஒரு எழுத்து அல்ல, "ம"வும் காலும் சேர்ந்து இரண்டு. தீபாவளி தள்ளுபடிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் வியாபாரிகள் இதை பில்லில் பார்த்திருப்பார்கள். இங்கிலீஷில் ஒரு எஸ்.எம்.எஸ்.சுக்கு 160 எழுத்து இடம். தமிழில் 70 இடம். அந்த 70-லும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு!

சோயா கட்டி

எழுத்துக்கு எண் கிடைத்தது. ஆனால் செல்போனில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால்? கட்டம் கட்டமாகத் தெரியும். பார்த்திருப்பீர்கள். இந்தத் தொழிலில் அந்தக் கட்டத்துக்கு "டோபு" என்று பெயர். சீனா, ஜப்பானில் சோயா பாலில் செய்யும் வெள்ளைக் கட்டி, நம்ம பன்னீர் மாதிரி. இந்த டோபுவே கூடாது என்றுதான் கூகுள் செய்த இலவச எழுத்துருவுக்கு "நோட்டோ" என்று பெயர் வைத்தார்கள்.

பிரியா ரவிச்சந்திரன் செய்த "கேட்டமரான்", இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த "பவனம்" போன்றவை இன்று இலவசம். கேட்டமரான் என்றால் நம்ம ஊர் கட்டுமரம்தான்! வாசகர் எதையும் இறக்க வேண்டாம். பக்கத்தைத் திறந்தால் எழுத்துருவும் கூடவே வந்துவிடும்.

பட்டனுக்குள் அடங்காத "சமர்ப்பிக்கவும்"

இனி பிரச்சினை தீர்ந்ததா? அதுதான் இல்லை. இங்கேதான் பொத்தேரியில் இறங்குகிற பிள்ளைகளின் வேலை இருக்கிறது.

பக்கத்தை இங்கிலீஷில் வடிவமைத்துவிட்டு, கடைசி நாளில் "தமிழும் போடுப்பா" என்பார்கள். "சப்மிட்" என்று அளவெடுத்த பட்டனில் "சமர்ப்பிக்கவும்" எப்படி அடங்கும்? பாதி வெளியே தொங்கும். மூன்று வயதுப் பிள்ளையின் சட்டையை அப்பனுக்கு மாட்டின மாதிரி.

வரிக்கு வரி இடைவெளியும் அப்படியே. "கூ"வுக்குக் கீழே வால், "கீ"க்கு மேலே கொக்கி. இங்கிலீஷ் அளவில் விட்டால் மேல் வரி வாலும் கீழ் வரி கொக்கியும் முட்டிக்கொள்ளும். அடிக்கோடு போட்டால் வால் அறுபடும். தடித்த எழுத்தில் "ணை"யின் சுழி அடைபட்டு மை கொட்டின மாதிரி ஆகும்.

அதைவிடக் கொடுமை, பெயர். "பர்ஸ்ட் நேம்", "லாஸ்ட் நேம்" என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது லாஸ்ட் நேம்? அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். லாஸ்ட் நேமில் ஒரு எழுத்து போட்டால் சில பாரம் ஏற்காது. அப்பா பெயரை முழுதாகப் போட்டால் சர்டிபிகேட்டில் ஒன்று, பான் கார்டில் ஒன்று. அப்புறம் அபிடவிட்டு, நோட்டரி, லீவு போட்டு அலைச்சல். "முழுப் பெயர்" என்று ஒரே கட்டம் வைத்தால் தீருகிற விஷயம் இது. வைப்பவர் அந்த லேப்-டாப் பைக்காரர்களில் ஒருவர்தான்.

பழைய சி.டி.க்காரர்களுக்கு

பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும் சாப்ட்வேர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. யூனிகோட் எழுத்துருக்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகக் கொடுக்கிறது.

முதலில் சி.டி.யை பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சி.டி. காலாகாலத்துக்கும் தாங்காது. அடித்துக்கொடுத்த கடை இன்னும் இருந்தால், பாமினியா, வானவில்லா, என்ன பாண்ட் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். மாற்றிய பிறகு எல்லை அளவு, தேதி, பெயர் மூன்றையும் பேப்பர் நகலோடு ஒத்துப் பாருங்கள். மாறும்போது கால், கொம்பு இடம் தவறுவது உண்டு.

அதுவரை அந்தப் பேப்பரைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.