எவர்சில்வர் பில்டர்: கழுவினால்தான் காசு மிச்சம்



கூலி, வீடு, வேலை என்று எழுதும் இந்தப் பகுதியில் இந்த வாரம் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுகிறோமே என்று வியக்க வேண்டாம். இதுவும் கூலி விஷயந்தான். பிரட்டுக்குப் போவது கப்சாயில். பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் போவதும் அதில்தான். வண்டி நின்றால் அன்றைய வேலை போச்சு. எஞ்சின் பிடித்துக்கொண்டால் பல நூறு வெள்ளி போச்சு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று அமலுக்கு வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். அதில் ஒரு பங்கை எஞ்சினுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

தோட்டந்தோட்டமாகப் போய் வரும் எங்களிடம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, எவர்சில்வர் பில்டர் போட்டா ஆயுசுக்கும் மாத்த வேணாமாமே, கடையில சொல்றாங்க. வாங்கலாமா?" வாங்கலாம். ஆனால் கடைக்காரர் சொன்னது பாதிதான். மீதிப் பாதியை நாங்கள் சொல்கிறோம்.

உங்கள் வண்டிக்கு வேண்டுமா?

முதலில் இதைப் பாருங்கள். ஹோண்டா இ.எக்ஸ்.5 போன்ற வண்டியில் காகிதப் பில்டரே கிடையாது. ஒரு கம்பி வலையும், எண்ணெயைச் சுழற்றி அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் உருளையும்தான் உள்ளே இருக்கின்றன. அவற்றைப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து கழுவ வேண்டும். திறக்கும்போது கேஸ்கட்டும் மாற்ற வேண்டும். இந்த வண்டிக்கு எவர்சில்வர் பில்டர் என்று யாராவது விற்றால் ஏமாற வேண்டாம்.

யமஹா எல்.சி.135 போன்ற வண்டியில் காகிதப் பில்டர் இருக்கிறது. அதன் இடத்தில் போடுவதுதான் இந்த எவர்சில்வர் பில்டர். காகிதம் அழுக்கானால் தூக்கி எறிகிறோம். எவர்சில்வர் வலையைக் கழுவித் திரும்பப் போடுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

எண்ணெய் மாற்றுவது நிற்காது

கப்சாயில் எஞ்சினுக்கும், கியருக்கும், கிளட்சுக்கும் ஒரே கறுப்பெண்ணெய்தான். பிஸ்டன் தேய்ந்த தூள், கியர் உதிர்த்த இரும்பு, கிளட்ச் தேய்ந்த துகள், எரிந்த பெட்ரோலின் கரி எல்லாம் அதில்தான் கலக்கின்றன. நல்ல எவர்சில்வர் பில்டர்களில் 35 மைக்ரான் என்று எழுதியிருக்கும். ஒரு தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். அதில் பாதி அளவுள்ள துகளை வலை பிடிக்கும். அதைவிடப் பொடியான கரி வலைக்குள் புகுந்து எண்ணெயோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அது வெளியேற ஒரே வழி எண்ணெயை வடிப்பதுதான்.

ஆகவே 'பில்டர் நிரந்தரம், எண்ணெயை மெதுவாக மாற்றலாம்' என்பது தப்புக் கணக்கு. வண்டிப் புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. எண்ணெய் டின்னில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கார் எண்ணெய் மலிவு என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

கழுவும் முறை

ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் பில்டரைக் கழுவ வேண்டும். வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பான எண்ணெயை வடித்து, பிறகு பில்டரைக் கழற்றுங்கள். எந்தப் பக்கம் வெளியே இருந்தது, ஸ்பிரிங் எங்கே இருந்தது என்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் எண்ணெய் போகும் வழியே கெட்டுவிடும்.

கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். லயத்து வீட்டில் அடுப்பு பக்கத்திலேயே இருக்கும்; பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய்ப் பற்றிக்கொள்ளும். தின்னரும் வேண்டாம், ரப்பர் வளையத்தைக் கெடுத்துவிடும்.

பெரும்பாலான பில்டர்களில் எண்ணெய் வெளியிலிருந்து உள்ளே போகிறது. அழுக்கு வெளிப்பக்கத்தில் படியும். எனவே உள்ளேயிருந்து வெளியே ஊற்றிக் கழுவ வேண்டும். பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்க்கலாம். கம்பி பிரஷ் பட்டால் வலை கிழியும். காற்றுக் குழாயை ஒட்டிப் பிடித்து அடிப்பதும் கூடாது. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுநீரும் கொண்டு அலசி, தூசு படாத இடத்தில் நன்றாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நூல் ஒட்டும். ஈரத்தோடு மாட்டினால் தண்ணீர் எண்ணெயில் கலக்கும்.

காய்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓர் இடத்தில் கிழிசலோ, ஓரத்தில் விரிசலோ தெரிந்தால் அந்தப் பில்டர் குப்பைக்குத்தான். காசு போட்டு வாங்கினோமே என்று மாட்டாதீர்கள். எண்ணெய் எப்போதும் சுலபமான ஓட்டையைத்தான் தேடும்.

அழுக்கு சொல்லும் சேதி

கழுவும் முன் வலையில் சிக்கியதை ஒரு வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பாருங்கள். காகிதப் பில்டரைவிட இதில் உள்ள பெரிய நன்மை இதுதான். ஒரு காந்தமும் பக்கத்தில் இருக்கட்டும்.

காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. கியர் போன்ற உறுப்புகளிலிருந்து வரும். ஒட்டாத வெள்ளி நிறச் செதில் அலுமினியம். பிஸ்டன் பக்கம் தேய்மானம் இருக்கலாம். மஞ்சளாக மின்னினால் பித்தளைப் புஷ் தேய்கிறது. நார் போன்ற கறுப்புத் துகள் கிளட்சிலிருந்து வந்திருக்கும். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. புது எஞ்சினில் கொஞ்சம் மாவுப் பொடி வருவது சகஜம். ஓடித் தேர்ந்த வண்டியில் கண்ணுக்குத் தெரியும் செதில் வந்தால் அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சின்னச் செலவில் முடிவது அப்போதுதான்.

பழைய எண்ணெய்

கழித்த எஞ்சின் எண்ணெய் அபாயக் கழிவு. 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைகளில் அதற்கு எஸ்.டபிள்யூ.305 என்று தனி எண்ணே கொடுத்திருக்கிறார்கள். அதைச் சாக்கடையில் ஊற்றினால் அது ஓடைக்குத்தான் போகும். அந்த ஓடையில்தான் நம் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள். கழுவிய மண்ணெண்ணெயையும் சேர்த்து ஒரு மூடியுள்ள டின்னில் வைத்து, எண்ணெய் மாற்றும் கடையில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு டின் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் சிரமமில்லை. கையில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள்.

தோழர்களே, சம்பளத்தைக் கூட்டிக் கேட்கச் சங்கம் இருக்கிறது. வந்த சம்பளம் ஓட்டை வழியே ஒழுகாமல் காப்பது நம் கையில். நேரம் ஒதுக்கிக் கழுவ முடியும் என்றால் எவர்சில்வர் பில்டர் வாங்குங்கள். முடியாது என்றால் காகிதப் பில்டரையே சரியான தூரத்தில் மாற்றுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கழுவாத எவர்சில்வரைவிட மாற்றிய காகிதமே மேல்.