ஓர்க் வீரன்: வண்ணமும் அடித்தளமும்

வெள்ளை உலோக வார்ப்பு, அக்ரிலிக் வண்ணம், மணல், செயற்கைப் புல்

பாதத்திலிருந்து கண் வரை ஏறக்குறைய 28 மி.மீ. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் 1979இல் தொடங்கிய சிட்டாடல் மினியேச்சர்ஸ் வார்த்த இத்தகைய உருவங்கள், 1983இல் வெளிவந்த வார்ஹாமர் மேசைப்போர் விளையாட்டின் படையினர். விற்பனைக்கு வந்தது வெறும் உலோகம்; வண்ணம் தீட்டுவது வாங்கியவர் வேலை.

முகத்தைக் கிட்டே வந்து பாருங்கள். ஓர்க் என்னும் இந்தக் கற்பனை அரக்கனின் தோல் ஒரே பச்சை அல்ல. கறுப்பு அடிப்பூச்சின்மேல் கரும்பச்சை. அது காய்ந்ததும் நீர்க்கக் கரைத்த இருண்ட வண்ணம். சுருக்கங்களிலும் பல்லிடுக்கிலும் தானே ஓடித் தேங்கி நிழலாகிறது. புருவமேடு, மூக்கு நுனி, தாடை ஆகிய இடங்களில் மட்டும் மஞ்சள் கலந்த இளம்பச்சை. இவ்வளவு சிறிய உடலில் அறை விளக்கின் நிழல் எடுபடாது. ஒளியையும் நிழலையும் தீட்டித்தான் காட்ட வேண்டும். கருவிழி ஒற்றைப் புள்ளி. தூரிகை நுனியில் வண்ணம் சற்றுக் கூடினாலும் முகபாவமே மாறிவிடும்.

சங்கிலிக் கவசத்துக்கு உலர்தூரிகை: வெள்ளி வண்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் லேசாக உரசியிருக்கிறார்கள்.

அடித்தளத்தைப் பலர் கவனிக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். உருவத்தின் காலடித் தகடு, 1980களில் பரவலான பிளவுள்ள பிளாஸ்டிக் தட்டில் செருகப்பட்டிருக்கிறது. பிளவை மறைப்பது பசையும் மணலும். மணலுக்கு அடர்பழுப்பு, அதன்மேல் வெளிர்மஞ்சள் உரசல், ஓரத்தில் புல். அதே பழுப்பு காலணியிலும் சேறாக ஏறியிருப்பதால் வீரன் தட்டில் ஒட்டப்பட்டவனாக அல்லாமல், தரையில் கால் ஊன்றியவனாக நிற்கிறான். தீட்டியவரின் தேர்ச்சிக்கு முகத்தைவிட இந்தச் சேறே நல்ல சான்று.