கராச்சிக் கதைக்கு தாராவியில் கண்ணீர் வருவது எப்படி?

2014 ஜூன் 23 அன்று, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜீ நிறுவனம் ‘ஜிந்தகி’ என்றொரு சேனலைத் தொடங்கியது. பாகிஸ்தானில் எடுத்த உருது நாடகங்களை அது இந்திய வீடுகளுக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்திலேயே வந்த ‘ஜிந்தகி குல்சார் ஹை’, உமைரா அகமது எழுதிய நாவலிலிருந்து பிறந்தது. அதே ஆண்டு பிற்பகுதியில் வந்த ‘ஹம்சஃபர்’, ஃபர்ஹத் இஷ்தியாக்கின் நாவலிலிருந்து. தமிழில் ரமணிசந்திரனுக்கு இருப்பது போன்ற வாசகியர் கூட்டம் இந்த இருவருக்கும் உருதுவில் உண்டு. முதல் தொடர் 26 எபிசோட், இரண்டாவது 23. ஆண்டுக்கணக்கில் ஓடும் மாமியார் – மருமகள் சீரியல்களுக்குப் பழகியிருந்தவர்களுக்கு, முடிவு என்ற ஒன்று இருந்த கதையே புதுமை.

‘ஹம்சஃபர்’ கதை எளியது. தாயை இழக்கும் கிரத் என்ற பெண்ணை, அவள் மாமா தன் மகன் அஷருக்கு மணம் முடிக்கிறார். மாமியாருக்கு அவளைப் பிடிக்கவில்லை. மருமகளின் நடத்தையில் மகனுக்குச் சந்தேகம் வரும்படி சதி செய்கிறாள். அஷர் அதை நம்பி, கர்ப்பிணியான மனைவியைக் கைவிடுகிறான். ஆண்டுகள் கழித்து, இதய நோயுள்ள மகளோடு கிரத் திரும்பி வருகிறாள்.

இந்தக் கதை எத்தனை மாற்றங்களைக் கடந்திருக்கிறது என்று பாருங்கள். வலமிருந்து இடமாக ஓடும் உருது எழுத்தில், தாளில் பிறந்தது. நடிகர்களின் குரலாகவும் முகமாகவும் மாறியது. எல்லை தாண்டி வந்த அதை, வீட்டில் தமிழ் பேசும் ஒருவர் மும்பையின் தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பார்க்கிறார். கிரத் தெருவில் நிற்கும்போது அவருக்கும் தொண்டை அடைக்கிறது. இத்தனை மாறிய பிறகும் மாறாமல் வந்து சேர்ந்தது எது? கடந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் மூளை அறிவியல் இதற்கு ஒரு பகுதி விடையைக் கண்டிருக்கிறது.

2004-ல் யூரி ஹாசன் என்ற இஸ்ரேலிய ஆய்வாளரும் சகாக்களும் ஐந்து பேரைத் தனித்தனியே ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தின் அரைமணி நேரத்தைக் காட்டினார்கள். என்ன நினைக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் மூளைப் புறணியில் கிட்டத்தட்ட 30 சதவீதப் பரப்பில், ஒருவரின் ஏற்ற இறக்கம் மற்றவருடையதோடு ஒத்துப்போனது. ஒரே படம், முன்பின் அறியாத மூளைகளை ஒரே தாளத்தில் ஆட்டியது.

படம் பார்ப்பவர்கள் ஒரே காட்சியைப் பார்க்கிறார்கள். ஒத்துப்போவதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நாவல் படித்தவருக்கும் நாடகம் பார்த்தவருக்கும் பொதுவாக ஏதாவது இருக்குமா? இதற்கு நெருக்கமான ஒரு சோதனையை அமெரிக்காவின் பெர்க்லியில் செய்தார்கள். ஒன்பது பேர் ஒரே கதைகளை ஒருமுறை காதால் கேட்டார்கள். இன்னொருமுறை கண்ணால் படித்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. சொல்லின் பொருளைக் கையாளும் பகுதிகள், கேட்டபோதும் படித்தபோதும் ஏறத்தாழ ஒரே மாதிரி இயங்கின. எழுத்தும் ஒலியும் வாசல் வரைக்கும்தான் வேறு வேறு.

அடுத்த கேள்வி மொழி. 2012-ல் ஹாசனின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு, ஒரு கதையை ரஷ்ய மொழியில் ரஷ்யர்களுக்கும், அதன் மொழிபெயர்ப்பை ஆங்கிலம் பேசுவோருக்கும் ஒலிக்கவிட்டது. பொருளைக் கையாளும் மேல்நிலைப் பகுதிகளில் இரு கூட்டத்தாரின் மூளைகளும் ஒத்துப்போயின. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு ரஷ்ய வடிவத்தையே போட்டபோது, ஒலியை வாங்கும் பகுதி மட்டும் ஒத்துப்போனது. மேலே எதுவும் ஏறவில்லை. கதைக்கு மொழி தடையல்ல, புரியாமைதான் தடை.

இங்கேதான் மும்பைத் தமிழரின் காது உதவிக்கு வருகிறது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டிலேயே தாராவிக்கு வந்தவர்கள் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி என்று வாழ்ந்த தலைமுறைகள் இவை. இந்திக்கும் உருதுவுக்கும் பேச்சிலக்கணம் பெரும்பாலும் ஒன்றே, எழுத்துதான் வேறு. நாடகம் பார்க்க எழுத்து வேண்டாம். போதாததற்கு, ராஜிந்தர் சிங் பேடி, இஸ்மத் சுக்தாய், சாஹிர் லுதியான்வி, கைஃபி ஆஸ்மி போன்ற உருது எழுத்தாளர்கள் பம்பாயில் இருந்துகொண்டு இந்திப் படங்களுக்கு எழுதியவர்கள். அந்தப் படங்களின் வசனத்தையும் பாட்டையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அஷரும் கிரத்தும் பேசுவது அந்நியமாக இருக்காது. இந்தி தெரியாமல் மதுரையிலிருந்து நேற்று ரயிலேறி வந்தவருக்கு அதே பேச்சு வெறும் ஓசை.

புரிந்துவிட்டால் எல்லாரும் ஒரே கதையைத்தான் பார்க்கிறார்களா? இல்லை. 2017-ல் வெளியான ஒரு சோதனையில், அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சரின் சிறுகதையொன்றை இரண்டு குழுக்களுக்கு ஒலிக்கவிட்டார்கள். மனைவியைக் காணவில்லை என்று நண்பனுக்கு நள்ளிரவில் போன் செய்யும் கணவனின் கதை. மனைவி உண்மையிலேயே துரோகம் செய்கிறாள் என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டிச் சொன்னார்கள். கணவன் வீண் சந்தேகக்காரன் என்று மற்றதற்கு. சொற்கள் அப்படியே இருந்தன. ஆனால் பிறர் மனதைக் கணிக்கும்போது விழிக்கும் மூளைப் பகுதிகள் இரு குழுவிலும் வேறு வேறாக இயங்கின. ஒரே குழுவுக்குள் ஒத்துப்போயின.

‘ஹம்சஃபர்’ பிடித்து உலுக்குவது இந்த இடத்தில்தான். மாமியாரின் சதி நமக்குத் தெரியும், அஷருக்குத் தெரியாது. ஒரே காட்சியை அவன் ஒரு கதையாகவும் நாம் வேறொரு கதையாகவும் பார்க்கிறோம். தெரிந்தும் சொல்ல முடியாத அந்த இடைவெளிதான் நம்மைத் திரையைப் பார்த்துத் திட்டவைக்கிறது.

தொடர் என்பதற்கும் மூளையில் ஒரு கணக்கு இருக்கிறது. பாகிஸ்தானில் இந்த நாடகங்கள் வாரம் ஒருமுறை வந்தன. இதைப் போன்ற இடைவெளியைச் சோதிக்க, ஒரு கதையின் முதல் பாதியை முந்தின நாள் பார்த்தவர்களையும், இடைவெளியின்றித் தொடர்ந்து பார்த்தவர்களையும் பிரின்ஸ்டனில் ஒப்பிட்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும், முந்தின நாள் பார்த்தவர்களிடம் நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, கதையைக் கோக்கும் பகுதிகளோடு கூடுதலாகச் சேர்ந்து இயங்கியது. விட்ட இடத்தைத் தேடி எடுக்கும் வேலை அது. தொடர் பார்ப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பது தவறு.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இந்த ஸ்கேன்கள் ரத்தத்தின் ஆக்ஸிஜன் மாற்றத்தை அளப்பவை. எண்ணத்தைப் படிப்பவை அல்ல. பல சோதனைகளில் பங்கேற்றவர்கள் சில பத்துப் பேர்தான். மூளைகள் ஒத்துப்போவதால் மனங்களும் ஒன்றாகிவிட்டன என்று பொருளல்ல.

2016 செப்டம்பரில், காஷ்மீரின் உரி ராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு, ஜிந்தகி சேனல் பாகிஸ்தான் நாடகங்களை நிறுத்தியது. அரசியலின் கதவு திறப்பதும் மூடுவதும் நம் கையில் இல்லை. மொழியின் கதவு அப்படியல்ல. புரியாத மொழியில் கதை காதோடு நின்றுவிடும் என்பதைச் சோதனை காட்டிவிட்டது. அதை உள்ளே ஏற்றுகிறவர் மொழிபெயர்ப்பாளர், சப்டைட்டில் எழுதுகிறவர். நாவலாசிரியருக்கும் நடிகருக்கும் கொடுக்கும் மரியாதையையும் கூலியையும் அவருக்கும் கொடுக்க வேண்டும்.