அக்கா கட்டிய கடை

முன்னுரை

கடைக்கு நடந்து போய்ப் பொருள் வாங்கிய நிலை மாறி, கடையே நம் கைப்பேசிக்குள் வந்து நிற்கும் காலம் இது. புத்தகம் முதல் புளி வரை எல்லாமே விரல் நுனியில் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் கடையைக் கட்டுபவர் யார், எப்படிக் கட்டுகிறார், அதை நம்பலாமா என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நானும் எண்ணிப் பார்த்ததில்லை, எங்கள் வீட்டில் அந்தச் சம்பவம் நடக்கும் வரை.

சென்ற ஆண்டு என் சித்தியின் திருமணத்திற்காக அம்மா கைப்பேசியில் ஒரு சேலையைப் பார்த்து 1,400 ரூபாய் கட்டினார்கள். சேலை வரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தக் கடையே அங்கு இல்லை! பனையோலைப் பெட்டி முடைந்து அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. "பூட்டுப் படம் போட்டிருந்ததே! அதைப் பார்த்துத்தானே கட்டினேன்" என்று சொல்லிச் சொல்லி வருந்தினார்கள்.

அந்த வேளையில்தான், கல்லூரியில் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா, "இந்தப் பருவத்தில் எங்களுக்கு இணையக் கடை கட்டும் பாடம்" என்று சொன்னாள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம் பணத்தை விழுங்கியதும் அப்படி ஒரு கடைதான். நீயும் அதைத்தான் படிக்கப் போகிறாயா?" என்று கேட்டார்கள். அக்கா பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பருவம் முழுவதும் அவள் தேடிய விடையைத்தான் இங்கு எழுதுகிறேன்.

எப்படித் தோன்றியது?

1979 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர், வீட்டுத் தொலைக்காட்சியைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறியோடு இணைத்து, இருந்த இடத்திலிருந்தே பொருள் வாங்கும் முறையை உருவாக்கினார். 1984 மே மாதம் கேட்ஸ்ஹெட் நகரில் 72 வயதான ஜேன் ஸ்னோபால் என்னும் மூதாட்டி, தம் வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடியே முட்டையும் மார்ஜரினும் கார்ன்ஃப்ளேக்ஸும் கேட்டு வாங்கினார். கடைக்கு நடக்க இயலாத முதியோருக்கு உதவுவதே அத்திட்டத்தின் நோக்கம். எவ்வளவு நல்ல தொடக்கம் பாருங்கள்!

1989 ஆம் ஆண்டு ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இன்றைய வலையமைப்பிற்கான திட்டத்தை எழுதினார். 1994 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவில் நெட்மார்க்கெட் என்ற இணையக் கடையில் ஸ்டிங் என்னும் பாடகரின் இசைத்தட்டு ஒன்று விற்பனையாயிற்று. வாங்கியவரின் கார்டு எண் பிறர் படிக்க முடியாதபடி இரகசியக் குறியீடாக மாற்றி அனுப்பப்பட்டது. நம் நாட்டில் 2002 ஆம் ஆண்டு ரயில் டிக்கெட் இணையத்தில் விற்கப்பட்டது. 2007 இல் பெங்களூரில் ஃபிளிப்கார்ட் புத்தகம் விற்கத் தொடங்கியது. 2016 இல் யு.பி.ஐ. வந்த பிறகு, பூக்காரம்மா கூடக் கைப்பேசியில் பணம் வாங்கலானார்.

முன்கட்டும் பின்கட்டும்

ஒவ்வொரு மாணவியும் ஒரு கடை கட்டிக் காட்ட வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். அக்காவின் தோழியர் சிலர் நகைக் கடை, சிலர் துணிக் கடை என்று எடுத்துக்கொண்டனர். அக்கா, அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் முடையும் கடகப் பெட்டி, சுளகு, மிட்டாய்ப் பெட்டி ஆகியவற்றை விற்கும் கடையைத் தேர்ந்தெடுத்தாள்.

நம் ஊர் வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு இருப்பது போல இணையக் கடையிலும் இரண்டு பகுதிகள் உண்டு. நாம் பார்ப்பது முன்கட்டு. அதற்கு மூன்று மொழிகள் தேவை. எச்.டி.எம்.எல். என்பது சுவர், எங்கே படம், எங்கே விலை, எங்கே பொத்தான் என்று அது சொல்லும். சி.எஸ்.எஸ். என்பது சுவருக்கு அடிக்கும் வண்ணம். ஜாவாஸ்கிரிப்ட் என்பது அசைவு. பொத்தானைத் தொட்டதும் கூடையில் எண் கூடுவது அதனால்தான்.

பின்கட்டு நம் கண்ணுக்குத் தெரியாது. அது செர்வர் எனப்படும் தொலைவிலுள்ள கணிப்பொறியில் இருக்கிறது. பி.எச்.பி. என்ற மொழியில் எழுதிய கட்டளைகள் அங்கே வேலை செய்யும். அருகிலேயே கணக்குப் பேரேடு போன்ற தரவுத்தளம் இருக்கும். பொருள்களுக்கு ஓர் அட்டவணை, வாங்குவோருக்கு ஒன்று, ஆர்டர்களுக்கு ஒன்று என்று அதில் தனித்தனியே வைப்பார்கள்.

அக்கா எனக்கு ஒரு நுட்பம் சொன்னாள். பெட்டியின் விலை பொருள் அட்டவணையில் இருந்தாலும், ஒருவர் வாங்கிய நாளின் விலையை ஆர்டரிலும் எழுதி வைக்க வேண்டுமாம். ஏன் தெரியுமா? நாளை விலையை உயர்த்தினால், நேற்று வாங்கியவரின் பில்லிலும் விலை மாறிவிடக் கூடாது அல்லவா? இதைக் கேட்டதும், கணிப்பொறிப் பாடத்திலும் நியாயம் இருக்கிறதே என்று வியந்தேன்.

மறதிக்காரக் கணிப்பொறி

இணையத்தில் செர்வருக்கு மறதி அதிகம். ஒரு பக்கத்தை அனுப்பியவுடன், யாருக்கு அனுப்பினோம் என்பதை அது மறந்துவிடும். அப்படியானால் நாம் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்திலும் இருப்பது எப்படி? 1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அதன் பெயர் குக்கீ. தின்னும் பிஸ்கட் அன்று! சைக்கிள் ஸ்டாண்டில் தரும் டோக்கனைப் போன்றது. டோக்கனில் எண் மட்டுமே இருக்கும். சைக்கிள் உள்ளே இருக்கும். அதுபோல நம் கைப்பேசியில் எண் இருக்கும்; கூடை செர்வரில் இருக்கும். ஒவ்வொரு பக்கம் கேட்கும்போதும் கைப்பேசி அந்த எண்ணைக் காட்ட, செர்வர் நம்மை அடையாளம் கண்டுகொள்ளும்.

ஒரு ரூபாய்ப் பெட்டி

அக்காவின் கடை அழகாகத் தயாராயிற்று. ஆய்வகத்தில் பேராசிரியை அதைச் சோதித்தார். 450 ரூபாய்க் கடகப் பெட்டியைக் கூடையில் போட்டார். பிறகு பக்கத்திற்குள் மறைந்திருந்த விலையை 1 என்று மாற்றி அனுப்பினார். "உங்கள் ஆர்டர் ஏற்கப்பட்டது. தொகை 1 ரூபாய்" என்று கடை நன்றி சொல்லியது! அடுத்து, கடகப் பெட்டி ஒன்று, 200 ரூபாய்ச் சுளகு "கழித்தல் இரண்டு" என்று எண்ணிக்கை போட்டார். 450 இலிருந்து 400 கழிந்து, பில் 50 ரூபாய் ஆயிற்று! வகுப்பே சிரித்தது. அக்காவுக்கு அழுகை வந்துவிட்டதாம். அம்மா ஒரு பெட்டிக்கு எத்தனை நாள் குனிந்து உட்கார்ந்து முடைகிறார்கள் என்பது அவளுக்குத்தானே தெரியும்?

தவறு எங்கே? விலையை வாங்குபவரின் கைப்பேசி சொல்லுமாறு அக்கா அமைத்திருந்தாள். கடைக்காரர், "என்ன விலை?" என்று வாடிக்கையாளரிடமே கேட்டது போலாயிற்று. அன்றிரவு அவள் அதைத் திருத்தினாள். எந்தப் பொருள், எத்தனை என்பதை மட்டும் கைப்பேசி சொல்லும். விலையைச் செர்வர் தன் பேரேட்டைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்ளும். எண்ணிக்கை ஒன்றுக்குக் குறைந்தால் ஏற்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பெட்டி மீதி இருக்கும்போது இருவர் ஒரே நொடியில் வாங்கினால்? "இருக்கிறதா?" என்று பார்ப்பதையும் "ஒன்று குறை" என்று எழுதுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்ய வேண்டும். அப்போது முதலில் வந்தவருக்குப் பெட்டியும், அடுத்தவருக்கு "தீர்ந்துவிட்டது" என்ற உண்மையான பதிலும் கிடைக்கும்.

கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதும் பெரும் பிழை. அதை மாவாக அரைத்துத்தான் வைக்க வேண்டும். அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியுமா? ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் மாவு வேறாகத் தெரிய, ஆளுக்கொரு உப்பும் சேர்ப்பார்களாம். உண்மையிலேயே அதற்கு உப்பு என்றுதான் பெயர்! கார்டு எண்ணையோ கடைக்காரர் வைத்துக்கொள்ளவே கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி அதைத் தடை செய்துவிட்டது.

பூட்டு சொல்லாத செய்தி

ஒரு நாள் அம்மா, தம் மனத்தில் இருந்த கேள்வியைக் கேட்டார்கள். "பூட்டுப் படம் இருந்தும் ஏன் ஏமாந்தேன்?" அக்கா சொன்ன விளக்கம் இது: "அம்மா, நீங்கள் அனுப்பும் கடிதத்தை வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்றுதான் அந்தப் பூட்டுச் சொல்லும். கடிதத்தை வாங்குபவர் நல்லவரா என்று அது சொல்லாது. திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டு வாங்கலாமே!"

தோழியரே, இதை நாம் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். பூட்டை மட்டும் பார்த்துக் கடையை நம்பக் கூடாது. 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, கடைக்காரர் தம் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைகளைக் கேட்கும் அலுவலரின் பெயர் ஆகியவற்றைக் கடையில் தெளிவாகக் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்திற்குள் அது கிடைத்ததென்று தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். இவை இல்லாத கடையில் பணம் கட்டாமல் இருப்பதே நலம். பணம் மோசம் போனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வாங்கிய பொருளில் குறையிருந்தால் நுகர்வோர் உதவிக்கு 1915. இந்த எண்கள் சென்ற ஆண்டு எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டே பெட்டிகளா?

கடை முடியும் தறுவாயில் அக்கா, "இன்னும் இரண்டே பெட்டிகள்! விரைந்து வாங்குங்கள்!" என்று சிவப்பு எழுத்தில் போட்டாள். பெரிய கடைகளில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது என்றாள். அம்மா திண்ணையைத் திரும்பிப் பார்த்தார்கள். "பன்னிரண்டு இருக்கிறதே அம்மா?" என்று மட்டும் கேட்டார்கள். அக்கா ஒன்றும் பேசாமல் அதை அழித்துவிட்டாள்.

பிறகு வகுப்பில் அவளுக்கு ஓர் உண்மை தெரிந்தது. இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவதையும், கேட்காத பொருளைக் கூடைக்குள் நுழைப்பதையும், இவை போன்ற 13 வகைத் தந்திரங்களையும் 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. அந்த ஆணையைப் படிக்காமலேயே அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது!

முடிவுரை

இரண்டாம் முறை பேராசிரியை சோதித்தபோது ஒரு ரூபாய்க்குப் பெட்டி கிடைக்கவில்லை. அக்காவுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறொன்று.

அதுவரை அந்தக் கடை மெய்யான பணம் புழங்காத சோதனைக் கடையாகவே இருந்தது. அதை உண்மையாகத் திறக்க வேண்டுமானால் பெயரும் முகவரியும் போட வேண்டும். ஒரு மாலை அக்கா தயங்கித் தயங்கி அப்பாவிடம் கடையைக் காட்டினாள். அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்கள். "குறை இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கே என் பெயரைப் போடு. என் போன் நம்பரையும் போடு. நாம் ஓடிப் போகிறவர்கள் அல்லவே" என்றார்கள்.

பருவத் தொடக்கத்தில் அப்பா கேட்ட கேள்விக்கு அப்பாவே விடையும் சொல்லிவிட்டார்கள். ஏமாற்றும் கடையைக் கட்டவும் நேர்மையான கடையைக் கட்டவும் மொழிகள் ஒன்றேதான். கட்டுகிறவரின் மனம்தான் வேறு. நாளை நம்மில் பலர் கல்லூரிக்குச் சென்று இத்தகைய கடைகளைக் கட்டலாம். அப்போது நாம் எழுதும் கட்டளைகளை வாங்குபவர் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அவர் பார்க்க மாட்டார் என்பதற்காகவே அவற்றை நேர்மையாக எழுதுவோம், தோழியரே!

— பத்தாம் வகுப்பு மாணவி