குருணை கொட்டினால் கணக்கு யார் பேரில்?

கன்னியாகுமரிக் கடற்கரையிலும் தனுஷ்கோடியிலும் 2025-இல் வெள்ளை வெள்ளையாகக் குருணை ஒதுங்கியது. பார்வைக்கு ஜவ்வரிசி, அத்தனையும் பிளாஸ்டிக். மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் 640 கொள்கலன்களோடு மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் சரக்கு அது.

குடம், வாளி, பால் பாக்கெட் எல்லாம் இந்தக் குருணையை உருக்கிச் செய்பவைதான். மூட்டை கிழிந்தால் கடலில் மிதக்கும், மீன் இரையென்று விழுங்கும், மணலைச் சலித்தாலும் முழுதாக அள்ள முடியாது. 2021-இல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் சுமந்து வந்தது சுமார் 1,680 டன் குருணை. அதன் பிறகும், எல்சா மூழ்கியபோதும், கடல் சரக்கு விதிகளில் குருணை அபாயச் சரக்காகச் சேர்க்கப்படவில்லை. கிழியாத பொதியில் கட்டுங்கள், முடிந்தவரை கீழ்த்தளத்தில் ஏற்றுங்கள், சரக்குச் சீட்டில் தெளிவாக எழுதுங்கள் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024-இல் பரிந்துரைத்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. கட்டாயமில்லை என்பதுதான் கோளாறு.

கட்டாயத்தை நீதிமன்றங்கள் வேறு வழியில் கொண்டுவருகின்றன. எல்சா மூழ்கியதற்குக் கேரள அரசு ரூ.9,531 கோடி கேட்டு வழக்குப் போட, அதே எம்எஸ்சி குழுமத்தின் அகிடெட்டா 2 கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்துவைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கடல்சார் வழக்குகளுக்கான 2017-ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டம் அதற்கு இடம் தருகிறது. பேர்ல் வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

இவற்றைவிட முக்கியமானது மும்பை வழக்கு. 2011-இல் நிலக்கரியோடு மூழ்கிய ராக் கேரியர் கப்பல் விஷயத்தில், கப்பல் தரப்புக்கு ரூ.100 கோடி விதித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், நிலக்கரிக்கு உரிய நிறுவனமும் ரூ.5 கோடி தரவேண்டும் என்று 2016-இல் சொன்னது. ஏற்றி அனுப்பியதோடு என் வேலை முடிந்தது என்று சரக்குக்காரர் இனி கைகழுவ முடியாது. பொதி கட்டும்போதே பயம் வரும்.

கரையில் கொள்கலன் ஒதுங்கினால் கிட்டே போகவேண்டாம். கடலோரக் காவல் படைக்கு 1554-இல் சொல்லலாம். மீன்பிடித் தொழில் கெட்டால், தேதி தெரியும் படம், சேதமான வலை, முந்தைய மாதங்களின் மீன் ஏலச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, மீன்வளத் துறையில் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வெறும் வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது. சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் வழக்கறிஞர் இல்லாமலும் இழப்பீடு கேட்கலாம். பாதிப்பு தொடங்கிய நாளிலிருந்து 5 ஆண்டு கெடு. எல்சாவுக்கு அது 2030 மே மாதம்.