நாற்றும் நிலமும்

நன்னிலத்து மக்களுக்கு நாற்றங்காலைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விதைத்த இடத்திலேயே நெருங்கி நிற்கும் நாற்று தூர் கட்டுவதில்லை. உரிய நாளில் பறித்து நடப்பெற்றதே கதிர் தாங்குகிறது. ஆசிரியர் ஒருவர் பழகிய இடத்தை விட்டுப் புதிய கல்விக்கூடம் புகுவதும் இத்தகையதே. நம் காவிரி நாடு ஈன்ற டாக்டர் உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும்.

1855ஆம் ஆண்டில் பிறந்த ஐயர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்றார். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவ்வாசானின் மாணவரே. நல்ல நிலம் வித்தினிடையே வேற்றுமை பாராட்டுவதில்லை அன்றோ! 1876இல் ஆசிரியர் மறைந்த பின்னரும் ஐயர் திருவாவடுதுறை ஆதீனத்தின் அரவணைப்பிலேயே இருந்தார். அங்கு அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

இந்நிலையில், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய தியாகராச செட்டியார் பணியிலிருந்து ஓய்வுபெறலானார். தம் இடத்திற்குத் தக்கவர் ஒருவரை அமர்த்திவிட்டுச் செல்லுதல் தம் கடமை என அவர் கருதினார். மகாவித்துவானிடம் தம்மைப் போலவே பயின்ற ஐயரை அவர் பரிந்துரைக்க, 1880இல் ஐயர் அக்கல்லூரியில் பணியேற்றார்.

புதிய இடம் அவருக்குப் பதவியை மட்டும் தரவில்லை. அவ்வாண்டிலேயே, அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்தார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என முதலியார் வினவினார். தாம் கல்லாத பழந்தமிழ்க் கருவூலம் ஒன்று உளது என்பதை ஐயர் அன்று உணர்ந்தார். அவ்வினாவின் விளைவாக 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என நூல்கள் தொடர்ந்தன. கற்பிக்க வந்த இடத்திலும் கற்பதற்கு நாணாமையே இத்தனைக்கும் வித்து என்று நாம் கூறுவோம்.

கும்பகோணத்தில் 23 ஆண்டுகள் பணியாற்றிய பின், 1903இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். அப்போது அவருக்கு அகவை ஐம்பதை நெருங்கியிருந்தது. ஆயினும் பணி தளரவில்லை. 1903இல் ஐங்குறுநூறும், மறு ஆண்டில் பதிற்றுப்பத்தும் அவர் பதிப்பாக வெளிவந்தன. 1919இல் ஓய்வுபெற்ற அவர், 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார்.

பணியிட மாற்றம் இன்றும் ஆசிரியர்க்கு மனக்கலக்கம் தருவதே. பழகிய மாணவரையும் உடன் பணியாற்றியோரையும் பிரிவது எளிதன்று. எனினும், விட்டுச் செல்வோர் செட்டியாரைப் போல் தக்கவரைத் தேடி அமர்த்துதலும், புதிதாய்ப் புகுவோர் ஐயரைப் போல் கற்கும் மனத்தோடு செல்லுதலும் கல்விக்கூடத்தை வாழவைக்கும்.

சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு ஐயர் சூட்டிய பெயர் 'தியாகராச விலாசம்'. தமக்கு இடம் தந்தவரை அவர் இறுதிவரை மறக்கவில்லை. நன்னூல் நல்லாசிரியருக்கு நிலத்தை உவமையாக்குகிறது. மாணவர்க்கு ஆசிரியர் நிலம். அவ்வாசிரியரும் ஒருகால் நாற்றாய் நின்றவரே. அதை மறவாமையே அவர்க்குப் பெருமை.