எல்டோரெட்டுக்குப் போனவர்களும் அங்கிருந்து வந்தவர்களும்

கென்யாவின் மேற்குப் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கும் எல்டோரெட், நெடுந்தூர ஓட்டக்காரர்களால் உலகுக்குத் தெரிந்த ஊர். மருத்துவக் கல்வியில் அக்கறை உள்ளவர்களுக்கு அந்த ஊர் வேறொரு காரணத்துக்காக முக்கியம். 1980களின் இறுதியில் மோய் பல்கலைக்கழகம் அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்க முனைந்தது. நைரோபிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது மருத்துவக் கல்லூரி அது. அதே சமயத்தில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவர்கள் சிலர், பல்லாண்டுகள் நிலைக்கக்கூடிய ஓர் உறவுக்காக வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1989-இல் இரண்டு தரப்பும் சேர்ந்தன.

முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டியும் அந்த உறவு தொடர்கிறது. வெவ்வேறு நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு இடையிலான ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை துணைவேந்தர்கள் கைகுலுக்கிய படத்தோடு முடிந்துவிடும் என்பதை நினைத்தால், இது சாதாரணமல்ல. நிலைத்ததற்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. இண்டியானாவின் பேராசிரியர் ஒருவராவது எல்டோரெட்டில் குடியிருந்து வேலை செய்யும் வழக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே விடாமல் வைத்திருந்தார்கள். அதைவிட முக்கியமாக, இண்டியானா மாணவர்கள் எல்டோரெட்டுக்குப் போனதுபோலவே மோய் மாணவர்களும் இண்டியானாவின் மருத்துவக் கல்லூரி இருக்கும் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவமனைகளுக்கு வந்து பயின்றார்கள்.

இந்த இரண்டாவது பயணத்தைத்தான் உலகம் அடிக்கடி மறந்துவிடுகிறது.

அமெரிக்க மாணவர் எல்டோரெட்டில் என்ன பார்க்கிறார்? ஒரே கட்டிலில் இரண்டு நோயாளிகள் படுத்திருக்கும் வார்டு. சிறுவயதுத் தொண்டைப்புண்ணைச் சரியாகக் கவனிக்காததால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, இதய வால்வு கெட்டுப்போன இளம்பெண்கள். தன் ஊரில் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்த நோய் இங்கே மூச்சுத் திணறிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேன் உடனே கிடைக்காது. எனவே காதையும் கையையும் நம்பியாக வேண்டும். வால்வின் முணுமுணுப்பை ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டு, எந்த வால்வு என்று சொல்லப் பழக வேண்டும். இதில் அவரைவிடக் கெட்டிக்காரர் பக்கத்தில் நிற்கும் கென்ய மாணவர்தான். பணக்கார நாட்டிலிருந்து கற்றுக்கொடுக்கும் நினைப்போடு வந்தவர், வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்பவராகிவிடுகிறார்.

மோய் மாணவர் இண்டியானாபொலிஸில் காண்பது இதற்கு நேரெதிர். ரத்தம் எடுத்தால் சற்று நேரத்தில் முடிவு வந்துவிடுகிறது, எம்.ஆர்.ஐ. வேண்டுமென்றால் அன்றே எடுக்கிறார்கள். அதே இடத்தில், காப்பீடு இல்லாததால் சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க முடியாமல் முற்றிய பிறகு வருகிறவரையும் அவர் பார்க்கிறார். இனி மீள வழியில்லாத முதியவரை வெண்டிலேட்டரில் நாள்கணக்கில் வைத்திருப்பதையும் பார்க்கிறார். வசதி கூடினால் மருத்துவம் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அங்கே உடைகிறது. ஊர் திரும்பும்போது இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது: நம் வார்டில் போன மாதம் இறந்த பையன் நோயால் இறந்தானா, மருந்து வந்து சேராததால் இறந்தானா?

இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2000-ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது இண்டியானாவின் சார்பில் எல்டோரெட்டில் இருந்தவர் டாக்டர் ஜோ மாம்லின். வார்டில் ரவுண்ட்ஸ் போனபோது, எய்ட்ஸ் முற்றிச் சாகும் நிலையில் கிடந்த ஓர் இளைஞரைக் கண்டார். அந்த இளைஞர் மோய் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர். அன்று எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகளுக்குப் பணக்கார நாடுகளில் ஓர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் ஆகும். கென்ய நோயாளிகளுக்கு அது எட்டாத தொகை. மாம்லின் விடவில்லை. இண்டியானா நண்பர்கள் மூலம் மருந்து வரவழைத்துக் கொடுத்தார். மாணவர் எழுந்து நடந்தார்.

ஒருவரைக் காப்பாற்றிய பிறகு அதே வார்டில் மற்றவர்களைச் சாக விட்டுவிட்டு எப்படி நகர்வது? 2001-இல் இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ‘ஆம்பாத்’ என்ற எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கின. அந்த ஆண்டுதான் நம் நாட்டின் சிப்லா நிறுவனம் இதே கூட்டு மருந்துகளை ஓர் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலகச் சந்தையையே அசைத்தது. ஆம்பாத் பின்னாளில் மேற்கு கென்யாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனிக்கும் அமைப்பாக வளர்ந்தது. பட்டினி கிடப்பவருக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை என்று கண்டு, நோயாளிகளுக்காகப் பண்ணை வைத்துக் காய்கறியும் விளைவித்தார்கள். மாணவப் பரிமாற்றத்துக்காக ஏற்பட்ட உறவு பத்தாண்டுகளாக அங்கே இருந்திராவிட்டால், இந்த வேகத்தில் இது நடந்திருக்காது.

எல்லாப் பரிமாற்றங்களும் இப்படி அமைவதில்லை. உலகின் பெரிய மாணவர் வலைப்பின்னல்களில் ஒன்று, 1951-இல் கோபன்ஹேகனில் தொடங்கிய சர்வதேச மருத்துவ மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பு. மாணவர்களே நடத்துகிறார்கள். இங்கிருந்து ஒருவர் போனால் அங்கிருந்து ஒருவர் வர வேண்டும் என்பது அதன் அடிப்படை ஏற்பாடு. பெரும்பாலும் நான்கு வாரங்கள். தங்குமிடத்தை வரவேற்கும் தரப்பு பார்த்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விமானக் கட்டணம் மாணவரின் கையிலிருந்து போகிறது. ஏழை நாடுகளிலிருந்து வசதியான வீட்டுப் பிள்ளைகளால்தான் போக முடிகிறது. பணம் இருந்தாலும் விசா கிடைக்குமா என்பது அடுத்த கவலை. லண்டன் மாணவர் ஆப்பிரிக்காவுக்குப் போவதும், ஆப்பிரிக்க மாணவர் லண்டனுக்குப் போவதும் ஒரே அளவு எளிதல்ல.

இன்னொன்று இதைவிடக் கசப்பானது. பணக்கார நாட்டு மாணவர்கள் சிலர், தங்கள் ஊரில் தொடக்கூட அனுமதிக்கப்படாத சிகிச்சைகளை ஏழை நாட்டு நோயாளிகள்மீது செய்து பார்த்துப் பழகியிருக்கிறார்கள். அதே நேரம், அங்கிருந்து வரும் மாணவரைப் பணக்கார மருத்துவமனை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கச் சொல்கிறது. இத்தகைய சிக்கல்களைக் கருத்தில் கொண்டுதான் 2010-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டார்கள். பலன் இரு தரப்புக்கும் போக வேண்டும், வரவேற்கும் மருத்துவமனைக்கு ஏற்படும் செலவையும் சுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

வெளிநாடு போன மாணவர்கள் பிற்பாடு ஏழைகளுக்கு மருத்துவம் செய்யும் துறைகளை அதிகம் தேர்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் பல சொல்கின்றன. இதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. போக விரும்புகிறவர்கள் முன்பே அந்த மனம் கொண்டவர்களாக இருக்கலாம். போனவர்கள் திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்ற பயத்துக்கு மட்டும் கானாவில் உறுதியான பதில் இருக்கிறது. பட்டமேற்படிப்பு நிலையில், மிச்சிகன் பல்கலைக்கழகமும் கானாவின் மருத்துவப் பள்ளிகளும் 1989 முதல் மகப்பேறு நிபுணர்களை உருவாக்கிவருகின்றன. பயிற்சியின் பெரும்பகுதி சொந்த நாட்டில்; வெளிநாட்டில் குறுகிய காலம் மட்டும். அப்படிப் பயின்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கானாவிலேயே தங்கிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதைப் பற்றிய பேச்சே வேறு விதமாக இருக்கிறது. ‘வெளிநாட்டில் மருத்துவம்’ என்றால் நீட் மதிப்பெண் போதாமல் ரஷ்யாவுக்கோ பிலிப்பைன்ஸுக்கோ போய் முழுப் படிப்பும் படிப்பது என்றுதான் பொருள் கொள்கிறோம். அடுத்தபடியாக, அமெரிக்காவில் பட்டமேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குவதற்காக லட்சக்கணக்கில் செலவழித்து அங்கே மருத்துவமனைகளில் சில வாரங்கள் கழிப்பது. இதில் பரிமாற்றம் எங்கே இருக்கிறது? வேலூர் சி.எம்.சி.க்கு வெளிநாட்டு மாணவர்கள் பல்லாண்டுகளாக வந்து போகிறார்கள். நம் அரசுக் கல்லூரி மாணவர் எத்தனை பேருக்கு இன்னொரு நாட்டின் வார்டில் நிற்கும் வாய்ப்பு வருகிறது?

2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், மாணவர் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் ‘எலக்டிவ்’ என்ற பகுதி சேர்க்கப்பட்டது. முதலில் இரண்டு மாதம், பிறகு ஒரு மாதமாகச் சுருங்கியது. அந்த ஒரு மாதத்தைக்கூட இதற்குப் பயன்படுத்தலாம். அமெரிக்காவும் இங்கிலாந்தும்தான் என்றில்லை. தாய்லாந்து 2000களின் தொடக்கத்திலேயே முப்பது பாட் கட்டணத்தில் எல்லோருக்கும் சிகிச்சை என்று தொடங்கிய நாடு. அதன் கிராமச் சுகாதாரத் தன்னார்வலர் முறையை நம் மாணவர் நேரில் பார்க்க வேண்டும். பிற நாட்டு மாணவர்கள் இங்கே பார்க்கவும் நிறைய இருக்கிறது. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை சேர்க்கும் விதத்தைப் பிற மாநிலங்கள் வந்து கற்றுப் போயிருக்கின்றன. மருந்து வந்து சேராததால் யார் இறந்தார் என்று கேட்கும் எல்டோரெட் மாணவருக்கு, இண்டியானாபொலிஸைவிட இங்கே உள்ள ஒரு மாவட்ட மருந்துக் கிடங்கு அதிகம் சொல்லும். அவரை அழைப்பதற்கும், இங்கிருந்து அரசுக் கல்லூரி மாணவர் ஒருவரை அனுப்புவதற்கும் ஆகும் விமானக் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும்.